குறை விரலிலா, கம்பியிலா?

(வானொலியில் ஒலித்த உரையின் எழுத்து வடிவம்)



முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வீட்டில் இருக்கிற காலம் இது. விடுமுறை மறைக்கல்வி வகுப்பும் நடக்கிறது. இந்த நாட்களில் ஆலங்குளம் பக்கத்துத் தாய்மார்கள் கோவில் முற்றத்தில் நின்று கேட்கிற ஒரு கேள்வி, சில ஆண்டுகளாக அடிக்கடி காதில் விழுகிறது. "சாமி, பையன் கிட்டார் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கான். எவ்வளவுல வாங்கிக் கொடுக்கட்டும்?" சிலர் மகளுக்காகக் கேட்கிறார்கள். சிலர் பேரனுக்காக.

கேட்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பீடி சுற்றினால் இவ்வளவு கூலி என்று கணக்குப் பார்த்து வாழ்கிற வீடு அது. அல்லது, தக்காளிக்கு இந்த வாரம் விலை இருக்குமா, பறித்த கூலிக்காவது தேறுமா என்று பாவூர்சத்திரம் சந்தையைப் பார்த்துக்கொண்டிருக்கிற வீடு. அந்த வீட்டிலிருந்து ஐயாயிரம் ரூபாய் வெளியே போகிறது என்றால் அது பல நாள் உழைப்பு. ஆகவே இந்தக் கேள்விக்கு, "ஏதாவது ஒன்று வாங்கிக் கொடுங்கம்மா, பிள்ளைதானே" என்று பதில் சொல்லிவிட்டுப் போக முடியாது. இன்றைய சிந்தனை முழுவதையும் அந்தக் கேள்விக்கே ஒதுக்கிவைக்கலாம் என்று நினைக்கிறேன்.

வழக்கமாக என்ன நடக்கிறது? பையன் தொடர்ந்து படிப்பானா என்று தெரியாது. ஆகவே இருப்பதில் மிகக் குறைந்த விலைக்கு ஒன்று வாங்குவோம் என்று வீட்டில் முடிவாகிறது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. கிட்டார் வருகிறது. பளபளப்பாக இருக்கிறது. முதல் நாள் தெருவே கூடிப் பார்க்கிறது. இரண்டு வாரத்தில் பிள்ளையின் விரல் நுனி சிவந்து வீங்குகிறது. கம்பியை எவ்வளவு அழுத்தினாலும் "டப்" என்று செத்த ஒலிதான் வருகிறது. சுருதி சேர்த்து வைத்தாலும் கார்டு பிடித்தால் அபசுரம். மூன்றாம் மாதம் கிட்டார் சுவரில் ஆணியில் தொங்குகிறது. "நான் அப்பவே சொன்னேன், இது ஒரு மாசத்து ஆசைன்னு" என்கிறார் அப்பா. பிள்ளை ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் மனதுக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறது: எனக்கு இசை வராது.

போன பணத்தை அடுத்த ஆண்டு சம்பாதித்துவிடலாம். இந்தத் தீர்ப்பை அழிப்பது கடினம். அது பல நேரம் பொய்த் தீர்ப்பு என்பதுதான் என்னை உறுத்துகிறது. குறை பிள்ளையின் விரலில் இருந்திருக்காது. கம்பி நின்ற உயரத்தில் இருந்திருக்கும்.

உழவு மாடு வைத்திருந்த பெரியவர்களுக்கு ஒன்று தெரியும். நுகத்தடி கழுத்துக்குப் பொருந்தாமல் போனால் மாட்டுக்குக் கழுத்துப் புண் வரும். புண் வந்த மாடு ஏர் இழுக்காமல் படுத்துக்கொள்ளும். விவரம் தெரிந்த விவசாயி மாட்டை அடிக்க மாட்டார். ஆசாரியிடம் போய் நுகத்தைச் செதுக்கி வாங்கி வருவார். நற்செய்தியில் நுகத்தைப் பற்றி வரும் வசனத்தை நீங்கள் அறிவீர்கள். அதைக் கேட்ட கலிலேயா மக்களுக்கும் இந்தப் பொருத்தம் நன்றாகவே புரிந்திருக்கும். பிள்ளையின் கையில் நாம் கொடுக்கிற கருவியும் ஒரு நுகம்தான். பொருந்துகிறதா என்று முதலில் பார்க்க வேண்டியது பெரியவர்களாகிய நம் கடமை.

சரி, பொருத்தம் என்றால் என்ன? கிட்டாரின் கழுத்தில் குறுக்கே உலோகக் கோடுகள் பதித்திருக்கும். பிரெட் என்பார்கள். வீணையில் அதற்கு மெட்டு என்று பெயர். கம்பியை விரலால் அழுத்தி அந்தக் கோட்டில் படச் செய்தால் சுரம் பிறக்கிறது. கம்பி அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கடைக்காரர்கள் இதை 'ஆக்‌ஷன்' என்பார்கள். உயரம் கூடினால் இரண்டு தீமை. ஒன்று, அழுத்த அதிக பலம் வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் சுண்டுவிரலுக்கு அந்தப் பலம் கிடையாது. இரண்டாவது தீமை கண்ணுக்குத் தெரியாது. அதிகத் தூரம் அழுத்தும்போது கம்பி இழுபட்டு நீள்கிறது, சுருதி ஏறிவிடுகிறது. சுருதி சரியாகச் சேர்த்த கிட்டாரிலும் கார்டு அபசுரமாகக் கேட்பதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பிள்ளை தன் காதையே சந்தேகிக்கத் தொடங்குவது இங்கேதான்.

புதிதாகக் கற்பவர் எல்லோருக்கும் முதல் சில வாரம் விரல் நுனி வலிக்கும். பிறகு தோல் தடித்துவிடும். அது பீடி இலை வெட்டிப் பழகும் கைக்கு வருகிற வலி போன்றது. பழகப் பழகப் போய்விடும். உயரமான கம்பி தருகிற வலி போகாது. பிள்ளைக்கு இந்த இரண்டு வலிக்கும் வேறுபாடு தெரியாது. நாம்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். இன்றைய நிலவரத்தில் மூவாயிரம் ரூபாய்க்குள்ளும் கிட்டார் கிடைக்கிறது. பை, பெல்ட், பிக், கூடுதல் கம்பி எல்லாம் சேர்த்தே அந்த விலைக்குத் தருகிறார்கள். ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை ஒரு வரிசை இருக்கிறது. பதினைந்தாயிரத்தை ஒட்டியும் அதற்கு மேலும் இன்னொரு வரிசை. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். அப்படியானால் பணம் எங்கே போகிறது?

உங்களுக்குத் தெரிந்த தொழிலிலிருந்தே சொல்கிறேன். அவசரத்தில் சுற்றிய பீடிக்கும் நிதானமாகச் சுற்றிய பீடிக்கும் இலை ஒன்றுதான், தூள் ஒன்றுதான், நூல் ஒன்றுதான். வேறுபாடு கை செலவிட்ட நேரத்தில் இருக்கிறது. கிட்டாரும் அப்படித்தான். பலகை வெட்டுவதும் ஒட்டுவதும் இயந்திர வேலை. ஆனால் பிரெட் கோடுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்து ராவுவது, அவற்றின் ஓரத்தை மழுக்குவது, தலைப்பக்கம் கம்பி அமர்கிற சிறு வெள்ளைக் கட்டையில் சரியான ஆழத்துக்குக் காடி வெட்டுவது, இவையெல்லாம் மனிதர் உட்கார்ந்து செய்கிற வேலை. அந்தக் கட்டைக்கு நட் என்று பெயர். விலையைக் குறைக்க வேண்டும் என்று வரும்போது முதலில் வெட்டப்படுவது இந்த நேரம்தான். பளபளப்பில் கைவைக்க மாட்டார்கள், ஏனென்றால் கடையில் நாம் பார்ப்பது பளபளப்பைத்தான்.

மரத்துக்கும் ஒரு விலை உண்டு. குறைந்த விலைக் கிட்டார்களின் முன்பலகை பிளைவுட் போல மெல்லிய தகடுகளை ஒட்டியது. விலை கூடியவற்றில் முன்பலகை ஒரே மரத்தில் அறுத்ததாக இருக்கும். ஒலி நன்றாக விரிந்து வரும். வாசிக்க வாசிக்க இன்னும் மெருகேறும். முன்பலகைதான் ஒலியின் உயிர் என்பதை ஸ்பெயின் நாட்டுக் கிட்டார் ஆசாரி அந்தோனியோ தெ தோரெஸ் 1862ஆம் ஆண்டிலேயே மெய்ப்பித்துக் காட்டினார். முன்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்து, பக்கங்களையும் முதுகையும் காகித அட்டையால் செய்து ஒரு கிட்டார் கட்டினார். அது இன்றும் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே முதுகில் என்ன நிறம், ஓரத்தில் என்ன முத்துவேலை என்று பார்த்துப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இதிலிருந்து ஒரு கணக்கு வருகிறது. மூவாயிரத்திலிருந்து ஏழாயிரம், எட்டாயிரத்துக்கு ஏறும்போது பிள்ளையின் விரலுக்கு நிம்மதி கிடைக்க வாய்ப்பு அதிகம். எட்டாயிரத்திலிருந்து இருபதாயிரத்துக்கு ஏறும்போது காதுக்கு இன்பம் கூடும். விரலுக்கு அதே அளவு வேறுபாடு தெரியாது. முதல் கிட்டாருக்கு வேண்டியது விரலின் நிம்மதி. காதின் இன்பம் இரண்டாவது கிட்டாருக்குக் காத்திருக்கட்டும். கடன் வாங்கி இருபதாயிரத்துக்கு வாங்க வேண்டாம். மிகக் குறைந்ததையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம்.

ஆனால் விலை ஓர் அடையாளம் மட்டுமே. அது உத்தரவாதம் தராது. எட்டாயிரத்துக்கும் கம்பி உயர்ந்து நிற்கிற ஒன்று வரலாம். நாலாயிரத்துக்கும் நல்லபடி அமைந்த ஒன்று கிடைக்கலாம். கொல்கத்தாவில் செய்யும் கிவ்சன், ஹாப்னர் கிட்டார்கள் வெகுகாலமாக நம் நாட்டின் சின்ன ஊர்களுக்கெல்லாம் வந்துசேர்கின்றன. அவற்றில் விரல் பழகியவர்கள் ஏராளம். பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், கையில் இருக்கிற அந்த ஒரு கிட்டாரைச் சோதித்து முடிவு செய்யுங்கள்.

சோதிப்பதற்கு முன் இரண்டு முடிவு எடுக்க வேண்டும். ஒன்று, எந்தக் கம்பி? கிட்டாரில் இரண்டு குலம் உண்டு. நைலான் கம்பி போட்டது கிளாசிக்கல் கிட்டார். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குப் போன இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை கற்று, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் தேர்வில் தேறியது இந்த வகையில்தான். 1976இல் 'அன்னக்கிளி'க்கு இசையமைப்பதற்கு முன்பு மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்தவர் அவர். நைலான் கம்பி விரலுக்கு மென்மை. ஆனால் கழுத்து அகலம், சின்னக் கை சிரமப்படும். இரும்புக் கம்பி போட்டது அக்கூஸ்டிக் கிட்டார் என்று கடைகளில் சொல்கிறது. பாடலுக்குத் தாளத்தோடு தட்டி வாசிக்க, பாடகர் குழுவுக்குத் துணைபோக இது எடுப்பாக இருக்கும். விரல் கொஞ்சம் கூடுதலாக வலிக்கும். பிள்ளை எந்த ஒலியைக் கேட்டு ஆசைப்பட்டதோ அந்த வகையை வாங்குவது நல்லது. ஆசைதான் வலியைத் தாங்க வைக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கை. இரும்புக் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ பாரத்துக்கு இழுக்கின்றன. வளர்ந்த ஓர் ஆள் தொங்குகிற பாரம் அது. நைலான் கம்பிகளின் இழுவை ஏறக்குறைய அதில் பாதி. கம்பி அறுந்துவிட்டது என்று கிளாசிக்கல் கிட்டாரில் இரும்புக் கம்பியை மாட்டினால் கழுத்து வளையும், கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் பலகையோடு பெயர்ந்து வரும். கம்பி வாங்கப் போகும்போது எந்த வகை என்று சொல்லி வாங்குங்கள்.

இரண்டாவது முடிவு, அளவு. கடையில் முன்னால் நிற்பது பெரும்பாலும் பெரிய வயிறு கொண்ட டிரெட்நாட் வகை. பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயரை அதற்கு வைத்தார்கள், அவ்வளவு பெரியது. எட்டு வயதுப் பிள்ளை அதைக் கட்டிப்பிடித்தால் வலது தோள் காதுவரை ஏறிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு அரை அளவு, முக்கால் அளவு என்று கிட்டார்கள் உண்டு. "வளர்ற பிள்ளைதானே, பெருசா எடுப்போம்" என்பது பள்ளிச் சீருடைக்குச் சரி. கிட்டாருக்குச் சரிவராது. பிள்ளையைக் கடைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து, மடியில் வைத்துப் பாருங்கள். தோள் தளர்ந்திருக்க வேண்டும். இடது கை முதல் பிரெட்டைச் சிரமமில்லாமல் தொட வேண்டும்.

இனிச் சோதனைகள். இசை தெரியாத அப்பாவும் அம்மாவும் செய்யக்கூடியவை இவை.

முதலாவது, கம்பியின் உயரம். தலைப்பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் பன்னிரண்டாவது பிரெட் வரும். அந்த இடத்தில் பக்கவாட்டில் இரட்டைப் புள்ளி இருக்கும். அங்கே கோட்டுக்கும் தடித்த கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இரும்புக் கம்பிக் கிட்டாரில் இரண்டரை மில்லிமீட்டரை ஒட்டி இருப்பது நல்லது. அளவுகோல் இல்லையென்றால் இரண்டு ஒரு ரூபாய் நாணயத்தை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நுழைத்துப் பாருங்கள். ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் அது. கம்பியைத் தொட்டுக்கொண்டு இறுக்கமாக நுழைந்தால் பரவாயில்லை. தாராளமாக ஆடினால் உயரம் அதிகம். நைலான் கம்பிக் கிட்டாரில் மட்டும் மூன்று முதல் நான்கு மில்லிமீட்டர் வரை இயல்பு.

இரண்டாவது, நட் அருகே உயரம். ஒரு கம்பியை மூன்றாவது பிரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் பிரெட்டுக்கு மேலே பாருங்கள். ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி போதும். அதைவிட அதிகம் என்றால், தொடக்கத்தில் கற்கிற எளிய கார்டுகளே கடினமாகிவிடும்.

மூன்றாவது, கழுத்து. துப்பாக்கி குறிபார்ப்பதுபோலக் கிட்டாரைக் கண்ணருகே பிடித்து, கழுத்தின் ஓரம் வழியாகப் பாருங்கள். ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். நடுவில் மிகச் சிறிய குழிவு இருக்கலாம். கயிற்றுக் கட்டில் சட்டம்போல முறுக்கிக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பல கிட்டார்களில் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. டிரஸ் ராடு என்பார்கள். அதைத் திருகி வளைவைச் சரிசெய்யலாம். அது இருக்கிறதா, வேலை செய்கிறதா என்று கடையில் கேளுங்கள். நீங்களே திருக வேண்டாம்.

நான்காவது, கையைக் கழுத்தின் இருபுறமும் மேலும் கீழும் ஓட்டுங்கள். பிரெட் முனைகள் அரம்போல அறுத்தால், பிள்ளையின் கையையும் அப்படியே அறுக்கும்.

ஐந்தாவது, ஆறு கம்பிகளையும் ஒவ்வொரு பிரெட்டிலும் அழுத்தித் தட்டிக் கேளுங்கள். ஓரிடத்தில் மட்டும் 'ஙீ' என்று இரைந்தால் அங்கே பிரெட் மட்டமில்லை. பத்து நிமிட வேலைதான். கடைக்காரர் முகம் சுளித்தாலும், "அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். துணி வாங்கும்போது விரித்துப் பார்க்காமலா வாங்குகிறோம்?

ஆறாவது சோதனைக்கு வாசிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். பன்னிரண்டாவது பிரெட் என்பது கம்பியின் நீளத்தில் சரிபாதி. அங்கே கம்பியை இலேசாகத் தொட்டு எடுக்கும் மணி ஒலியும், அதே இடத்தில் அழுத்தி எடுக்கும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றாக இல்லையென்றால், கழுத்தில் மேலே போகப் போக சுருதி விலகும். உங்கள் பங்கின் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிற தம்பியையோ தங்கையையோ கடைக்கு அழைத்துப் போங்கள். ஒரு நாள் பொழுதும் பஸ் செலவும்தான். தென்காசியோ திருநெல்வேலியோ போய்வந்து சோற்றுக்கும் சொன்னால் இன்னும் மகிழ்ச்சியாக வருவார்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டோமே என்று சிலர் வருந்தலாம். ஆணியில் தொங்குகிற கிட்டாரை இறக்குங்கள். பல கோளாறுகள் சரிசெய்யக் கூடியவை. பிரிட்ஜின் மேல் நிற்கிற வெள்ளைத் துண்டை அடியில் தேய்த்தால் கம்பி தாழும். நட்டில் காடியை ஆழப்படுத்தலாம். பழைய துருப்பிடித்த கம்பியை மாற்றினாலே கிட்டார் பாதி புதிதாகிவிடும். தெரிந்த கையில் கொடுத்தால் சில நூறு ரூபாயில், கூடிப்போனால் ஆயிரத்தைச் சுற்றி முடிகிற வேலை. பிள்ளையைப் பற்றிய தீர்ப்பை மாற்றிக்கொள்ள அது பெரிய செலவா?

செல்போனில் பார்த்து வரவழைக்கிறவர்கள், திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இந்தச் சோதனைகளைச் செய்துவிடுங்கள். பழைய கிட்டார் வாங்குவதிலும் இழுக்கு இல்லை. கூடுதலாக இரண்டு இடம் பாருங்கள்: பிரிட்ஜின் பின்னால் காகிதம் நுழைகிற அளவுக்குப் பிளவு இருக்கிறதா, முன்பலகை தொப்பைபோல உப்பியிருக்கிறதா என்று. இரண்டும் இல்லையென்றால், ஒருவர் நன்றாக வாசித்த கிட்டார் புதியதைவிட நல்ல துணை.

மைக்கில் சொருகுகிற வசதி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கருவிக்குப் போகிற பணம், மரத்திலிருந்தும் கைவேலையிலிருந்தும்தான் எடுக்கப்படும். கற்கிற பிள்ளைக்கு அது தேவையில்லை. கோவிலில் வாசிக்கிற நாள் வந்தால் முன்னால் ஒரு மைக் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாகச் சுருதி பார்க்கும் சிறு டியூனர் ஒன்று வாங்குங்கள். செல்போனிலும் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு நாளும் சுருதி சேர்த்த பிறகே வாசிக்கப் பழக்குங்கள்.

நம் ஊரின் பருவத்தையும் மறக்கக்கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையிலோ, பூட்டிய காரிலோ கிட்டாரை விட்டால் பசை இளகிப் பிரிட்ஜ் தூக்கிவிடும். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் காற்று வீசும்போது மரம் ஈரத்தை வாங்கி உப்பும், கம்பியின் உயரம் மாறும், கம்பி துருப்பிடிக்கும். வெயில் படுகிற சுவரில் மாட்டாமல், பைக்குள் வைத்து வீட்டின் உட்சுவர் ஓரமாக நிறுத்துங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியைத் துடைக்கச் சொல்லுங்கள்.

இத்தனை சொன்ன பிறகும், மூவாயிரம்கூட முடியாது என்கிற வீடுகள் இருக்கின்றன. அவர்களை நினைத்துப் பங்கு மக்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு பங்கிலும் நல்லபடி சரிசெய்த ஒரு கிட்டார் பொதுவாக இருக்கட்டும். அசனத்துக்குச் சேர்ந்து அரிசி போடுகிற நாம், இதற்கும் சேர்ந்து போட முடியும். கற்க விரும்பும் பிள்ளை முதல் மூன்று மாதம் அதில் பழகட்டும். ஆசை நிற்கிறதா என்று வீட்டாருக்கும் தெரிந்துவிடும்; எந்த அளவு, எந்தக் கம்பி தனக்குப் பொருந்துகிறது என்று பிள்ளைக்கும் தெரிந்துவிடும். அதன் பிறகு வாங்குகிற கிட்டார் ஆணியில் தொங்காது. அன்பியத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்து, பழுதும் கம்பியும் பார்த்துக்கொண்டால் அது பல ஆண்டு உழைக்கும்.

கோவிலில் கிட்டாரா என்று முகம் சுளிக்கிற பெரியவர்களுக்கும் ஒரு சொல். ஆர்கனுக்கு உயர்ந்த இடம் தந்த இரண்டாம் வத்திக்கான் சங்கமே, வழிபாட்டுக்குப் பொருந்துகிற மற்றக் கருவிகளுக்கும் 1963இல் கதவைத் திறந்துவைத்தது. அதற்கு நூற்று நாற்பத்தைந்து ஆண்டுக்கு முன்னரே ஒரு குருவின் கையில் கிட்டார் இருந்தது. அவர் பெயர் யோசப் மோர். ஆஸ்திரியா நாட்டில் சால்ஸ்பர்க் நகரில் 1792இல் பிறந்தவர். தந்தை படைவீரர், குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய் பின்னல் வேலை செய்து பிழைத்தவர். கைவேலைக் கூலியில் வளர்ந்த பிள்ளை அவர். நம் ஊர்ப் பிள்ளைகளைப்போல.

1818ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்தின நாள், ஓபெர்ன்டார்ஃப் என்ற ஆற்றங்கரை ஊரின் ஆலயத்தில் உதவிக் குருவாக இருந்த அவர், தாம் எழுதியிருந்த கவிதை ஒன்றைப் பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் குரூபரிடம் கொடுத்தார். இரண்டு குரலுக்கும் கிட்டாருக்கும் ஏற்றபடி மெட்டமைக்கச் சொன்னார். அன்று இரவே இருவரும் பாடினார்கள். மோர் கிட்டார் வாசித்தார். 'சைலண்ட் நைட்' என்று உலகம் பாடுகிற பாடல் அப்படித்தான் முதன்முதலில் கேட்டது. எலிகள் ஆர்கனைக் கடித்துவிட்டன என்று சொல்வது பின்னால் சேர்ந்த கதை. மோர் 1848இல் வறியவராகவே இறந்தார். அந்தக் கிட்டார் இன்றும் ஹாலைன் என்ற ஊரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கிட்டார் உணவு விடுதிகளிலும் வீடுகளிலும் வாசிக்கும் எளிய கருவி. வாசிக்கிறவர் கைக்கு அது இசைந்து கொடுத்தது. ஒரு பாடல் பிறக்க அவ்வளவு போதுமாக இருந்தது.

அன்பார்ந்த தாய்மார்களே, எவ்வளவுக்கு வாங்குவது என்று கேட்டீர்கள். உங்களால் முடிந்த தொகையை நீங்களே முடிவு செய்யுங்கள். அந்தத் தொகையில் ஒரு பங்கைச் சரிசெய்யும் செலவுக்கு ஒதுக்கிவையுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். பிள்ளையின் மடியில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். அதன் பிறகும் ஒருநாள் பிள்ளை, "அம்மா, எனக்கு வரல" என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். முதலில் கம்பியின் உயரத்தைப் பாருங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களையும், உங்கள் பிள்ளைகளின் விரல்களையும் ஆசீர்வதிப்பாராக.